1937 பேட்டர்ன் ஸ்மால் பேக்: பழைய ராணுவ முதுகுப்பையைச் சீர்செய்து முழுமையாக்கும் வழிகாட்டி

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவப் பொருட்களைச் சேர்க்க நினைக்கும் ஒருவர் இந்தியாவில் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், என் பதில் 1937 பேட்டர்ன் ஸ்மால் பேக், அதாவது 1937 வடிவமைப்பைச் சேர்ந்த சின்ன முதுகுப்பை. பிரிட்டிஷ் ராணுவம் 1908 பேட்டர்னுக்குப் பதிலாகக் கொண்டுவந்த வெப் எக்விப்மென்ட் (வீரர் உடலில் மாட்டிக்கொள்ளும் கெட்டி நெசவுச் சாமான்கள், சுருக்கமாக வெப்பிங்) தொகுதியில் இது ஒரு பகுதி. இடுப்பு பெல்ட், மார்பின் இருபக்கமும் பெரிய பவுச், தோள்பட்டை பிரேஸ், தண்ணீர் பாட்டில், பெரிய பேக், சின்ன பேக் எல்லாமே கெட்டியான காட்டன் நெசவும் பித்தளைப் பொருத்திகளும்தான். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா எல்லா இடத்திலும் இதைத் தயாரித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்திய ராணுவத்தில் இது பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அதனால்தான் நம் ஊர்க் காயலான் கடைகளிலும் பழைய ராணுவச் சாமான் விற்கும் இடங்களிலும் இன்றைக்கும் எப்போதாவது கண்ணில் படுகிறது.

இதில் நமக்கு உண்மையான உறவும் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி வெடிக்கும் முன் அதன்மேல் பாய்ந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அதற்காக, வீரச் செயலுக்கான பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. இத்தாலியிலும் வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் அவரைப் போன்ற வீரர்களின் உடலில் இருந்தது இந்த 1937 பேட்டர்ன் வெப்பிங்தான். ஆகவே, கையில் வந்திருக்கும் பையை வெறும் பழைய கான்வாஸ் என்று நினைத்து வாளித் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

சீர்செய்வது என்றால் புதிதாக்குவது அல்ல. நீங்கள் செய்யும் எந்த வேலையையும் பின்னால் வருகிறவர் பையைச் சேதப்படுத்தாமல் பிரித்தெடுக்க முடியவேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் அடிப்படை இதுதான்.

முதல் படி: கையில் இருப்பது என்ன?

எதையும் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள். முன்புறம், பின்புறம், மூடியின் உட்பக்கம், ஒவ்வொரு பக்கிள், ஒவ்வொரு தையல் முடிவு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முத்திரைகளுக்கு மட்டும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

முத்திரை பெரும்பாலும் மூடியின் உட்பக்கத்தில் இருக்கும். தயாரிப்பாளரின் பெயர்ச்சுருக்கம், ஆண்டு, அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அம்புக்குறி ஆகிய மூன்றும்தான் பையின் பிறப்புச் சான்றிதழ். 'எம்.இ.கோ.' என்றால் மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி. வெறும் அம்பு பிரிட்டன். 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, 'யு' எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா, இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. அம்போடு 'ஐ' எழுத்து இருந்தால் இந்தியா. இந்தியத் தயாரிப்பின் நெசவு பிரிட்டிஷ் நெசவை விடச் சொரசொரப்பாக இருக்கும், விரல் வைத்தாலே வித்தியாசம் தெரியும். கனடா துணியில் மஞ்சள் கலந்த பச்சை தெரியும். நீலச் சாம்பல் நிறத்தில் கிடைத்தால் அது விமானப்படைக்காகச் சாயமிட்ட பை. அதைக் காக்கியாக மாற்ற நினைக்கவே கூடாது.

அம்புக்குறி இருக்கிறது என்பதாலேயே உலகப்போர்க் காலத்துப் பை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தக் குறி போருக்குப் பிறகும் தொடர்ந்தது. ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். போர்க்கால ஆண்டு இருந்தால் விலை ஏறும் என்பதால் புதிதாக முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய மை துணியோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். நெசவின் மேடுகளில் போயிருக்கும், பள்ளங்களில் தங்கியிருக்கும். மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே கறுப்பாக, அழுக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மையை நம்பாதீர்கள்.

நகல் பைகளும் சந்தையில் நிறைய. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் இன்றைய சிந்தெடிக் நூலும், வெளுப்பேற்றி கலந்த நூலும் பெரும்பாலும் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். 1940-களின் காட்டன் நூல் மங்கலாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அசல் பையையே யாராவது இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் பளிச்சிடும். சந்தேகம் இருந்தால் ஏற்கனவே அறுந்து தொங்கும் நூலில் ஒரு சின்ன இழையை மட்டும் எடுத்து, பையை விட்டுத் தள்ளிப்போய்க் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். நைலான் உருகி உருண்டையாகத் திரளும்.

இரண்டாம் படி: இது யாருடைய பை என்று முடிவுசெய்யுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப்போய், பை நிறையக் கிடைத்ததையெல்லாம் திணித்துவிடுகிறார்கள். அப்புறம் 1940-இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து திரும்பிய வீரரின் பைக்குள் 1944-இன் சாமான் உட்கார்ந்திருக்கும். தொகுப்பு முழுமையாக இருப்பது எண்ணிக்கையால் அல்ல, உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று பொருந்துவதால்.

பையின் ஆண்டும் நாடும் தெரிந்துவிட்டால் ஒரு வீரரை, ஒரு இடத்தை, ஒரு பருவத்தை மனதில் நிறுத்துங்கள். 1941 இந்தியத் தயாரிப்பு என்றால், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த 4-வது இந்திய டிவிஷன் வீரர் ஒருவராக இருக்கலாம். வெயிலில் வெளுத்த வெப்பிங், மங்கிய பித்தளை, மணல் படிந்த தையல். அதே பையை 1944 இம்ஃபால், கோஹிமா போர்முனைக்கு வைத்தால் நிறமே மாறவேண்டும். அங்கே காட்டுக்கு ஏற்றபடி பச்சை சேர்ந்துவிட்டது. ஆகவே உங்கள் பையில் பச்சைச் சாயத்தின் எச்சம் தெரிந்தால் அதைப் பாலைவனக் கதைக்கு இழுக்காதீர்கள். பை காட்டும் பக்கம்தான் நாம் போகவேண்டும்.

காட்டுப் போருக்கென்றே எடை குறைவாக, மக்காத பூச்சோடு வடிவமைத்த 1944 பேட்டர்ன் உண்டு. அலுமினியத் தண்ணீர் பாட்டில் அதோடு வந்தது. போரின் கடைசிக் கட்டம் வரை அது பரவலாகப் போய்ச்சேரவில்லை. எனவே கோஹிமா தொகுப்பில் அந்த அலுமினிய பாட்டிலை வைக்க வேண்டாம்.

ஆனால் ஆண்டு முத்திரைகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ராணுவக் கிடங்கில் கையில் கிடைத்ததைத்தான் கொடுத்தார்கள். 1940 பைக்கு 1942 ஸ்ட்ராப் என்பது இயல்பு. எல்லாமே ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு என்று வரிசையாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். விதி எளிது: கதை நடக்கும் ஆண்டுக்குப் பிந்திய எதுவும் உள்ளே வரக்கூடாது, முந்தியவை வரலாம்.

காலத்துப் புகைப்படங்களைப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் படத்தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம். இந்தியப் படைகளின் படங்களும் அதில் ஏராளம். பையை எந்த உயரத்தில் மாட்டினார்கள், மூடிக்கடியில் என்ன துருத்திக்கொண்டிருக்கிறது, குடிக்கும் கோப்பையை எங்கே தொங்கவிட்டார்கள் என்பதெல்லாம் அவற்றிலிருந்துதான் தெரியவரும்.

மூன்றாம் படி: உலர்ந்த சுத்தம்

முகத்துக்கு என்95 மாஸ்க், கைக்கு நைட்ரைல் கையுறை. கிடங்குகளில் கிடந்த பைகளில் பூஞ்சையும் எப்போதோ தூவிய பூச்சிமருந்தும் இருக்கலாம். குழந்தைகள் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

மென்மையான ஆட்டுமுடி பிரஷ் ஒன்றும், சக்தியைக் குறைத்து வைக்கக்கூடிய வாக்குவம் கிளீனர் ஒன்றும் போதும். வாக்குவத்தின் வாயில் மெல்லிய நைலான் வலையைக் கட்டுங்கள். பிரஷ்ஷால் தூசியைத் தள்ளித் தள்ளி அந்த வலைக்குள் அனுப்ப வேண்டும், துணிமேல் நேரடியாக வைத்து இழுக்கக்கூடாது. பைக்குள் தையல் ஓரங்களில் சேர்ந்திருக்கும் மண்ணை ஒரு சின்ன ஜிப் கவரில் எடுத்து வைத்து, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அதுவும் பையின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

பூஞ்சை தெரிந்தால் முதலில் அதைக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் உள்ளே இறங்கும். உலர்ந்து தூளானதும் வீட்டுக்கு வெளியே பிரஷ் செய்யலாம். நேரடி வெயிலில் மணிக்கணக்காகப் போடாதீர்கள். நிறம் வெளுக்கும், பருத்தியும் பலவீனமாகும்.

நான்காம் படி: துவைக்கலாமா?

கூடாது என்பதுதான் என் முடிவு. காரணம் பிளாங்கோ.

ஷெஃபீல்டில் இருந்த ஜோசப் பிக்கரிங் கம்பெனி தயாரித்த பிளாங்கோ என்பது கட்டியாக வரும் நிறமண் பூச்சு. ஈர பிரஷ்ஷால் கட்டியைத் தேய்த்து வெப்பிங்மேல் பூசுவார்கள். கே.ஜி.3 என்ற காக்கிப் பச்சை, 97 என்ற பட்டாணிப் பச்சை போன்ற எண்களோடு அது கிடைத்தது. மிலிட்டரி போலீசார் வெள்ளை பூசினார்கள். பரேடுக்கு முந்தின நாள் இரவெல்லாம் ஒரு வீரர் உட்கார்ந்து பூசிய அந்த அடுக்குகள் நெசவின் பள்ளங்களில் இன்னும் இருக்கும். பக்கிளுக்கு அடியில் ஒரு நிறம், வெளியே இன்னொரு நிறம் என்று தெரிந்தால், பை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பிளாங்கோ தண்ணீரில் கரையும். ஒரு வாளித் தண்ணீர் அத்தனையையும் கழுவிவிடும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் காதுக்குச்சிப் பஞ்சைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மறைவான ஓரத்தில் லேசாக ஒற்றி எடுங்கள். பஞ்சில் பச்சையோ மண்ணிறமோ ஒட்டினால் தண்ணீர் விஷயத்தை அதோடு விட்டுவிடுங்கள்.

பை சகதியில் புதைந்து கிடந்தது, கரையான் மண் ஏறியிருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்ற நிலை இருந்தால் மட்டும், மை முத்திரைகள் கரையவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, தட்டையான டிரேயில் காய்ச்சி வடித்த தண்ணீரை அறை வெப்பத்தில் ஊற்றி, அயனி இல்லாத மென்சோப்பு சில துளிகள் சேர்த்து அலசலாம். வெந்நீர் வேண்டாம், காட்டன் சுருங்கும். பிளீச் நூலையே அரித்துவிடும். பிழியாதீர்கள், முறுக்காதீர்கள். வெள்ளைத் துவாலைமேல் தட்டையாகப் போட்டு, நிழலில், ஃபேன் காற்றில் காயவிடுங்கள். ஒவ்வொரு பக்கிளுக்கடியிலும் மடித்த ஒற்றுத்தாள் வையுங்கள். கடைசியாகக் காயும் இடம் அதுதான், பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும் இடமும் அதுதான்.

மேலே புதிதாக பிளாங்கோ பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நகல் வெப்பிங் அணிந்து வரலாற்று அணிவகுப்பில் கலந்துகொள்பவர்கள் தாராளமாகப் பூசட்டும். அசல் பையில் வேண்டாம். நெசவுக்குள் போனதை முழுவதுமாக வெளியே எடுக்க வழியில்லை.

ஐந்தாம் படி: பித்தளை

நம் வீட்டில் பித்தளை என்றாலே கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி. இந்தப் பைக்குப் புளி, எலுமிச்சை, வினிகர், பாலிஷ் திரவம் எதுவும் ஆகாது. அமிலம் பித்தளையின் மேல்படலத்தை அரித்து, வழிந்து, சுற்றியிருக்கும் காட்டனுக்குள் இறங்கும். கழுவி எடுக்க முடியாது. சில ஆண்டுகளில் அந்த இடத்துத் துணி பொடியாக உதிரும். பாலிஷின் வெள்ளைப் பொடி நெசவில் மாட்டிக்கொண்டு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பக்கிள் ஓரங்களிலும் ஸ்ட்ராப் நுனியின் பித்தளை முனைகளிலும் பச்சை மெழுகுபோல் திரண்டிருப்பது களிம்பு. எண்ணெய்ப் பசையோடு செம்பு சேர்ந்து உண்டாவது. அதை எடுக்க எனக்குப் பிடித்த கருவி தென்னை ஈர்க்குச்சி. நுனியை உளிபோலச் சாய்த்து வெட்டிக்கொள்ளுங்கள். பித்தளையைக் கீறாது, களிம்பை நெம்பிவிடும், மழுங்கினால் இன்னொரு வெட்டு. வேலை தொடங்கும் முன் பக்கிளுக்கும் துணிக்கும் நடுவே வழுவழுப்பான பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகுங்கள், உதிரும் பச்சைத் துகள் அதன்மேல் விழட்டும். ஒவ்வொரு நெம்பலுக்கும் துகளை வாக்குவத்தால் எடுத்துவிடுங்கள். ஓரங்களில் எஞ்சியதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த காதுக்குச்சியால் துடையுங்கள். முத்திரை மை பக்கம் ஆல்கஹால் போகவே கூடாது, மை கரைந்துவிடும்.

கடைசியில் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை அரிசி முனையளவு துணியில் எடுத்துப் பித்தளையில் மட்டும் தடவி, மெல்லத் துடைத்தால் போதும். பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். அமைதிக்கால முகாமில் வீரர்கள், பாலிஷ் துணியில் படாமல் தடுக்கும் பட்டன் ஸ்டிக் என்ற தகட்டை வைத்துப் பித்தளையைப் பளபளவென்று வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். போர்முனையில் மின்னும் பித்தளை எதிரிக்கு வழிகாட்டும் என்பதால் மங்கவே விட்டார்கள்.

பக்கிளில் முள் கிடையாது. ஸ்ட்ராப்பைப் பிடித்து வைத்திருப்பது உராய்வுதான். எனவே உள்விளிம்பில் மெழுகு மிஞ்சினால் ஸ்ட்ராப் வழுக்கும்.

ஆறாம் படி: தையலும் கிழிசலும்

பிரிந்த தையலுக்குப் பாலியஸ்டர் நூலை எடுக்காதீர்கள். நூல் துணியை விட வலுவாக இருந்தால், இழுபடும்போது அறுவது நூலல்ல, எண்பது வயது நெசவு. காட்டன் அல்லது லினன் நூல், நிறம் ஒத்ததாக, தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து எடுத்தது. முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு. பழைய ஓட்டைகள் வழியாகவே இரண்டு பக்கமிருந்தும் ஊசி வந்து சந்திக்கும் சேணத்தையல் போடுங்கள். புது ஓட்டை போடவேண்டாம். அசல் நூலின் மிச்சத்தை வெட்டாமல் அதற்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு உட்பக்கத்தில் காட்டன் ஒட்டு. ஒட்டின் நிறம் பையோடு கலக்க டீத்தூள் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதைத் தவிருங்கள். டீயில் இருக்கும் டானின் அமிலத்தன்மை உடையது, காலப்போக்கில் பருத்தியைத் தளரச் செய்யும். கடையில் தேடிப் பொருத்தமான காக்கி காட்டன் வாங்குவதே மேல். பசை, சூப்பர் க்ளூ, இஸ்திரி போட்டு ஒட்டும் துணி ஆகியவற்றின் பக்கமே போகவேண்டாம்.

போரில் அந்த வீரரே கை ஊசியால் போட்ட கோணல்மாணலான தையல் சில பைகளில் இருக்கும். பலமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். எனக்கு அந்தப் பையிலேயே மதிப்பு மிக்க இடம் அதுதான். கறுப்பு நூலில் அவசரமாக ஓடியிருக்கும் நான்கு தையலில், ஒரு மனிதர் தன் பொருளைக் காப்பாற்றிக்கொண்டது தெரிகிறது.

அதே மரியாதை மையில் எழுதிய பெயருக்கும் படை எண்ணுக்கும் உண்டு. அழிக்கவோ கறுப்பாக்கிக் காட்டவோ வேண்டாம். அந்த வீரர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் தேடலாம். பெயர் கிடைத்தால் அந்தத் தகவலை இந்தப் பைக்கென்று ஒரு பதிவேடு போட்டு அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: இல்லாத பாகங்கள்

ஸ்மால் பேக் பெரும்பாலும் ஸ்ட்ராப் இல்லாமல்தான் கிடைக்கும். சேகரிப்பாளர்கள் 'எல் ஸ்ட்ராப்' என்று சொல்லும் ஜோடி அது. தோளில் உட்காரும் அகலமான பகுதியும், அதிலிருந்து பிரிந்து கையிடுக்கில் இறங்கிப் பையின் கீழ்ப் பக்கிளுக்குப் போகும் குறுகிய பகுதியும் சேர்ந்தது. முன்பக்கக் கொக்கி மார்புப் பவுச்சின் மேல் பக்கிளில் மாட்டும். இடது, வலது என்று தனித்தனி. இரண்டு இடது ஸ்ட்ராப்பை ஜோடி என்று விற்பார்கள். வாங்கும் முன் இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா என்று பாருங்கள்.

பெரிய பேக்குக்கும் இதே ஸ்ட்ராப்தான். பெரிய பேக்கை முதுகில் மாட்டும்போது சின்ன பேக் இடது இடுப்புக்கு நகர்ந்து பிரேஸ் நுனியில் தொங்கும். எனவே ஸ்ட்ராப் இல்லாத பையை இடுப்பில் தொங்கும் நிலையில் காட்சிக்கு வைப்பதும் சரியான வரலாறுதான். அவசரப்பட்டு நகல் ஸ்ட்ராப் வாங்குவதை விட, அசல் கிடைக்கும்வரை அப்படி வைக்கலாம்.

உடைந்த பக்கிளுக்கு மாற்று வேண்டுமானால், துணி முழுவதும் நைந்துபோய் மீட்க முடியாத இன்னொரு பையிலிருந்து எடுங்கள். நல்ல பையைப் பிரித்து இன்னொரு பையைச் சரிசெய்வது கணக்கில் நஷ்டம். மாற்றிய பாகம் எது, எதிலிருந்து வந்தது என்பதை வெள்ளைக் காட்டன் நாடாவில் பென்சிலால் எழுதி உள்ளே ஒரு தையலில் கட்டிவிடுங்கள். விற்கும் காலம் வந்தால் வாங்குகிறவருக்கு அது தெரியவேண்டும்.

எட்டாம் படி: உள்ளே என்ன வைக்கலாம்

பைக்குள் குறுக்கே ஒரு துணித்தடுப்பு இருக்கும். பிரிந்த ஒரு பாதியில் மறுபடி ஒரு சின்னத் தடுப்பு. அந்தச் சின்ன அறைகள் மெஸ் டின் என்ற சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும். பாட்டிலைத் தனியாக வெளியே மாட்டிக்கொண்டால் அந்த இடம் வேறு சாமானுக்குக் கிடைத்தது. பெரிய அறையில் துவாலை, ஸ்வெட்டர், மாற்று சாக்ஸ், ஷேவிங் சாமானும் கத்தி, முள்கரண்டி, கரண்டியும் சுருட்டிய துணி ஹோல்டால், ஊசிநூல் பொட்டலம். தரைவிரிப்பு மூடிக்கடியில் மடித்துப் போகும்.

முதலில் தேட வேண்டியது மெஸ் டின். செவ்வக வடிவில் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், மடக்குப் பிடி உள்ளவை. முந்தையவை அலுமினியம், போர் நடக்க நடக்க ஈயம் பூசிய இரும்பு. இரும்பில் துரு இருந்தால் உப்புத்தாள் போடவேண்டாம், எஞ்சியிருக்கும் ஈயப்பூச்சும் போய்விடும். தளர்ந்த துருவை மென்பிரஷ்ஷால் எடுத்து, மேலே மெழுகு.

தண்ணீர் பாட்டில் எனாமல் பூசிய இரும்பு, நீலத்திலோ பச்சை, காக்கியிலோ கிடைக்கும். மேலே கம்பளிக் கவர், வாயில் கயிறு கட்டிய கார்க். உள்ளே துரு இருப்பது சகஜம், அதில் தண்ணீர் குடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். கார்க் சுருங்கியிருந்தால் வாயில் திணிக்காமல் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இந்தக் கம்பளிக் கவர்தான் தொகுப்புக்குள் பூச்சியைக் கொண்டுவரும் பொருள். புதிதாக வந்ததும் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பாலித்தீனைத் திறக்காதீர்கள். வியர்ப்பது உறைக்கு வெளியே இருக்கட்டும், கம்பளிமேல் வேண்டாம். எனாமல் பாட்டிலைக் கவரோடு ஃபிரீசரில் வைக்காமல், கவரைச் சேதமில்லாமல் கழற்ற முடிந்தால் கழற்றியே வையுங்கள்.

சிறு சாமான்களில் அசலும் நகலும் கலந்து வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. துவாலையும் சாக்ஸும் அந்தக் காலத்து அசலில் கிடைப்பது அரிது. வெள்ளை காட்டன் துவாலை நகலாகவே இருக்கட்டும், பதிவேட்டில் நகல் என்று எழுதினால் போதும். ஆனால் மெஸ் டின், பாட்டில், ஸ்ட்ராப் மூன்றும் அசலாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. பையின் உருவத்தையே தீர்மானிப்பவை அவை.

இன்னும் சில எச்சரிக்கைகள். சீல் உடையாத பழைய உணவு டின்னைப் பைக்குள் வைக்க வேண்டாம். உப்பியிருந்தால் வீட்டிலேயே வைக்க வேண்டாம். பழைய பிரிட்டிஷ் வாயு முகமூடியின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், முகத்தில் மாட்டிப் பார்க்காதீர்கள். தோட்டா, பயனெட் போன்றவற்றுக்கு 1959 ஆயுதச் சட்டம் பொருந்தும் என்பதால் விசாரிக்காமல் வாங்கவேண்டாம். பழைய ரப்பர் பூசிய தரைவிரிப்பு கிடைத்தால், அதைப் பையோடு சேர்த்து வைக்கக்கூடாது. ரப்பர் இளகி ஒட்டும், அதிலிருந்து வெளிவரும் கந்தகம் உலோகத்தைக் கறுக்கவைக்கும். நடுவில் ஒட்டாத சிலிக்கோன் தாள் வைத்து, தனிப்பெட்டியில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

ஒன்பதாம் படி: காட்சியும் பாதுகாப்பும்

எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, பட்டை கட்டி, ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் பார்க்க அழகுதான். ஆனால் முழு எடையும் மேல் இரண்டு தையலில் விழும். எனவே காட்சிக்கு வைக்கும்போது உள்ளே பாலிஎத்திலீன் ஃபோமை வெட்டி வைத்து, சுற்றிலும் அமிலமில்லாத டிஷ்யூ தாள் திணித்து உருவம் கொடுங்கள். செய்தித்தாள் வேண்டாம். அது அமிலமும் ஈரமும் சேர்ந்த தாள். பையை அடியிலிருந்து தாங்கும் சாய்மானத்தில் உட்காரவைத்து, அசல் சாமான்களை முன்னால் ஒரு துணிமேல் பரப்பலாம். பரேடு நாளில் படுக்கைமேல் கிட் பரப்பிவைக்கும் வழக்கம் அந்த ராணுவத்திலேயே இருந்தது, எனவே அது பொருத்தமாகவும் இருக்கும்.

நம் கடற்கரை ஊர்களின் பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மூடியுள்ள பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும், விலை குறைந்த டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றும் வைத்து, 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும். அந்துருண்டை போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மணம் பருத்தியில் ஏறினால் போகாது, பிளாஸ்டிக் பாகங்களையும் இளக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் தரையில் வைத்த டிரங்குப் பெட்டியும் வேண்டாம்.

பெட்டியில் வைக்கும்போது ஸ்ட்ராப்புகளைப் பக்கிளிலிருந்து கழற்றி நேராக நீட்டி வையுங்கள். வளைந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அங்கேதான் நெசவு முறியும். மூடியை மடிக்கும் இடத்தில் சுருட்டிய டிஷ்யூ ஒன்று.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கிள் ஓரங்களில் புதிதாகப் பச்சை தெரிகிறதா, கம்பளிக் கவருக்கடியில் தூள் உதிர்ந்திருக்கிறதா, சிலிக்கா நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதி, பழைய படங்களுக்குப் பக்கத்தில் புதுப் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.